செய்மதி அவதானம்: உரும்பிராய், யாழ்ப்பாணக் குடாநாடு

செய்மதி அவதானம் என்பது பூமியைச் சுற்றும் செய்மதிகள், விண்வெளி நிலையங்கள், கைவிடப்பட்ட ரொக்கெட் பாகங்கள் ஆகியவற்றை வீட்டு முற்றத்தில் நின்று வெறுங்கண்ணாலோ பைனாகுலராலோ இனங்காணும் பொழுதுபோக்கு. 1957இல் உலகெங்கும் ஒரேநேரத்தில் தொடங்கிய இது, சில காலம் அறிவியலுக்கு நேரடியாக உதவிய வேலையாகவும் இருந்தது. உரும்பிராய், யாழ்ப்பாண நகருக்கு வடகிழக்கே பலாலி வீதியில் அமைந்த செம்மண் ஊர். அதன் அகலாங்கு வடக்கு 9.7 பாகை. எந்தச் செய்மதி இங்கு தெரியும், எத்தனை மணிக்குத் தெரியும் என்பதை முதலில் தீர்மானிப்பது இந்த அகலாங்குதான்.

தெரியும் விதம்

செய்மதிக்குச் சொந்த ஒளி இல்லை. தரையில் இருட்டிவிட்ட பின்பும் உயரத்தில் வெயில் படும். அந்த வெயிலின் எதிரொளிப்பே கண்ணுக்குத் தெரிகிறது. பூமியின் நிழலுக்குள் நுழைந்ததும் அது மறைந்துவிடும். உரும்பிராயில் சூரியன் ஏறக்குறைய நேர்குத்தாகக் கீழிறங்குவதால், தரை இருட்டியும் செய்மதியில் வெயில் படும் இந்த இடைவேளை குறுகியது. 400 கிலோமீற்றர் உயரத்தில் செல்லும் பொருள் ஒன்று தலைக்கு மேலே ஒளிர்வதற்கு, சூரியன் மறைந்த பின் சுமார் 80 நிமிடங்களே உண்டு. 550 கிலோமீற்றரில் செல்வதற்குச் சுமார் ஒன்றரை மணித்தியாலம். விடியற்காலையிலும் இதே கணக்குத்தான். லண்டனில் ஜூன் மாதத்தில் சூரியன் அடிவானத்துக்குக் கீழே ஆழமாக இறங்குவதில்லை. அதனால் அங்கே நள்ளிரவிலும் விண்வெளி நிலையத்தைப் பார்க்கலாம். உரும்பிராயில் நள்ளிரவு வானம் தாழ்ந்து பறக்கும் செய்மதிகளுக்கு எப்போதும் மூடியே இருக்கும்.

இந்த அகலாங்கு தரும் ஆதாயமும் ஒன்று உண்டு. ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி பூமத்திய கோட்டுக்கு 28.5 பாகை சாய்ந்த பாதையில் சுற்றுகிறது. லண்டனிலிருந்து அதை ஒருபோதும் காண முடியாது. குடாநாட்டில் அது உச்சி வானத்தையே கடந்து செல்லும்.

முன்வரலாறு

வானத்தில் நிகழப்போவதை நாளும் நாழிகையும் குறித்து முன்கூட்டியே சொல்லும் வழக்கம் குடாநாட்டுக்குப் புதிதல்ல. கொக்குவிலில் இருந்து வெளிவரும் இரகுநாதையர் வாக்கிய பஞ்சாங்கம் இன்றும் வீடுகளில் புழங்குகிறது. 1823இல் அமெரிக்க மிஷனரிமார் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினறியில் வானியல் ஒரு பாடமாக இருந்தது. அங்கு பணியாற்றிய ஹென்றி ஹொய்சிங்டன் இந்து வானியல் கணித முறையை விளக்கும் நூலொன்றை 1848இல் யாழ்ப்பாணத்தில் அச்சிட்டார். கிரகணக் கணிப்பில் பஞ்சாங்கக்காரரும் செமினறியாரும் போட்டியிட்ட காலம் அது. நூறாண்டு கழித்து வந்த செய்மதிக்கும் தேவைப்பட்டது அதே திறமைதான்: சரியான மணிக்கூடு, சரியான கணக்கு, கணக்கைச் சரிபார்க்கும் கண்.

ஸ்புட்னிக் முதல் எக்கோ வரை

சோவியத் ஒன்றியம் 1957 ஒக்டோபர் 4ஆம் திகதி ஏவிய ஸ்புட்னிக் 1, 58 சென்ரிமீற்றர் விட்டமுள்ள உருண்டை. வெறுங்கண்ணுக்கு எட்டாத அளவு மங்கலானது. அன்று மக்கள் அண்ணாந்து பார்த்து ஸ்புட்னிக் என்று சொல்லிக்கொண்டது பெரும்பாலும் அதை ஏற்றிச்சென்ற ரொக்கெட்டின் நடுப்பாகத்தையே. சுற்றுப்பாதையின் சாய்வு 65 பாகை என்பதால் இலங்கையும் அதன் வழியில் இருந்தது.

செய்மதிகளைக் கண்காணிக்க ஸ்மித்சோனியன் வானியற்பியல் ஆய்வகத்தின் பிரெட் விப்பிள் ‘மூன்வொச்’ என்ற தொண்டர் திட்டத்தை முன்னதாகவே ஏற்பாடு செய்திருந்தார். தொண்டர்கள் சிறு தொலைநோக்கிகளுடன் வரிசையாக அமர்ந்து, வானத்தின் ஒரு கோட்டைச் செய்மதி கடக்கும் நொடியைக் குறித்தார்கள். அத்திட்டம் 1975 வரை நடந்தது. செய்மதிகளைப் படமெடுக்க உலகின் 12 இடங்களில் நிறுவப்பட்ட பேக்கர்-நன் கமராக்களில் ஒன்று இந்தியாவின் நைனிதாலில் இயங்கியது. இங்கிலாந்தில் டெஸ்மண்ட் கிங்-ஹீல், இத்தகைய அவதானங்களைக் கொண்டு மேல்வளிமண்டலத்தின் அடர்த்தியையும் பூமியின் வடிவத்தையும் கணித்தார். நிறுத்துமணிக்கூடும் பைனாகுலரும் வைத்திருந்த பொதுமக்களின் குறிப்புகள் அவருக்குப் பயன்பட்டன.

வெறுங்கண்ணுக்கான பெரிய விருந்து 1960 ஓகஸ்ட் 12ஆம் திகதி ஏவப்பட்ட எக்கோ 1. அலுமினியம் பூசிய, 30 மீற்றர் விட்டமுள்ள பலூன் அது. சுமார் 1,600 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றியதால், குடாநாட்டு அகலாங்கில் சூரியன் மறைந்து இரண்டரை மணித்தியாலம் வரை உச்சியில் ஒளிரக்கூடியதாக இருந்தது. 1968 மேயில் அது எரிந்தழிந்தது. 1973இல் ஏவப்பட்ட அமெரிக்காவின் ஸ்கைலாப் விண்வெளி நிலையம் 1979 ஜூலை 11ஆம் திகதி இந்து சமுத்திரத்திலும் மேற்கு அவுஸ்திரேலியாவிலும் விழுந்தது. எங்கே விழுமோ என்ற பீதி அந்நாட்களில் இந்தியா எங்கும் பரவியிருந்தது.

இலங்கைத் தொடர்பு

தொலைத்தொடர்புக்குப் புவிநிலைச் செய்மதிகளைப் பயன்படுத்தலாம் என்று 1945இல் எழுதிய ஆர்தர் சி. கிளார்க், 1956இல் இலங்கைக்கு வந்து 2008இல் இறக்கும்வரை கொழும்பில் வாழ்ந்தார். இந்தியாவின் ‘சைட்’ என்ற செய்மதிவழிக் கல்வி ஒளிபரப்பைப் பெறும் ஏற்பு நிலையம் ஒன்றை 1975இல் இஸ்ரோ அவரது வீட்டில் அமைத்துக் கொடுத்தது. புவிநிலைச் செய்மதிகள் 35,786 கிலோமீற்றர் உயரத்தில் இருப்பதால் கண்ணுக்குத் தெரியா. ஆனால் உரும்பிராய் வீட்டுக் கூரைகளில் தமிழ்நாட்டு அலைவரிசைகளுக்காகப் பூட்டிய டிஷ்களைப் பார்த்தால் அவை இருக்கும் இடம் விளங்கும். கிழக்கு நெடுங்கோடு 93.5 பாகையில் நிற்கும் இந்தியச் செய்மதியை நோக்கியவை சுமார் 70 பாகை நிமிர்ந்து, வானத்தையே பார்த்தபடி நிற்கின்றன.

இலங்கையின் முதல் ஆய்வுச் செய்மதியான ராவணா 1, ஜப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவனத்தில் இரு இலங்கைப் பொறியியலாளர்களால் உருவாக்கப்பட்டு, 2019 ஜூன் 17ஆம் திகதி சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து விடுவிக்கப்பட்டது. எடை ஏறக்குறைய ஒரு கிலோ, வெறுங்கண்ணுக்கு எட்டாதது. அதற்கு முன், 2015 நவம்பர் 13ஆம் திகதி முற்பகல் 11.48 மணியளவில், டபிள்யூ.ரி.1190எப் எனப் பெயரிடப்பட்ட விண்வெளிக் குப்பை ஒன்று நாட்டின் தென்கரைக்கு அப்பால் வளிமண்டலத்துள் நுழைந்தது. நேரமும் இடமும் முன்கூட்டியே கணிக்கப்பட்ட அபூர்வ நிகழ்வு அது. தரையில் காத்திருந்தோருக்கு முகில் மறைத்துவிட்டது. விமானத்தில் சென்ற ஆய்வாளர்கள் அதைப் பதிவுசெய்தார்கள்.

போர்க்கால வானம்

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. ஜாம் போத்தல் விளக்கில் படித்த அந்த ஆண்டுகளில் உரும்பிராயின் வானம், செய்மதி பார்ப்பதற்கு இன்றைவிடப் பலமடங்கு ஏற்றதாக இருந்தது. ஆனால் வானில் நகரும் வெளிச்சத்துக்கு அன்று வேறு பொருள். ஒளிப்புள்ளி ஒன்று தெரிந்தால் அது பொம்பரா, ஹெலியா, பரசூட்டில் இறங்கும் பரா லைற்றா என்பதே முதல் கேள்வி. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் இடம்பெயர்ந்தார்கள், உரும்பிராயும் வெறிச்சோடியது.

நேரமும் அக்காலத்தில் ஒன்றாக இருக்கவில்லை. 1996இல் அரசாங்கம் மணிக்கூட்டை முன்நகர்த்தியது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பழைய நேரமே தொடர்ந்தது. 2006 ஏப்ரலில் நாடு மீண்டும் கிரீன்விச் நேரத்திலிருந்து 5.30 மணி வித்தியாசத்துக்குத் திரும்பியது. நொடிக்கணக்கில் குறிக்கப்படும் செய்மதி அட்டவணைக்கு இது சிறிய விடயமல்ல.

கணிப்பு கைக்கு வந்த காலம்

சர்வதேச விண்வெளி நிலையத்தின் முதற்பகுதி 1998 நவம்பர் 20ஆம் திகதி ஏவப்பட்டது. இணையத்தில் கிறிஸ் பீற்றின் ‘ஹெவன்ஸ் அபவ்’ போன்ற சேவைகள் ஊர்வாரியாகக் கடக்கும் நேரங்களைத் தரத் தொடங்கின. நாசாவின் அறிவித்தல் சேவை 2012இல் வந்தது. இந்த அட்டவணைகள் பஞ்சாங்கம்போல் ஓராண்டுக்கு நிலைப்பதில்லை. மெல்லிய மேல்வளியின் உராய்வால் செய்மதியின் உயரம் குறையும். சூரியன் சீறும் நாட்களில் அந்த வளி விரிந்து உராய்வும் கூடும். நிலையத்தின் இயந்திரங்களும் அதை அவ்வப்போது மேலே தள்ளும். அதனால் ஒரு கிழமைக்கு முந்திய நேரத்தை நம்பக்கூடாது.

1997 முதல் இரிடியம் தொலைபேசிச் செய்மதிகளின் வழவழப்பான அலைவாங்கித் தகடுகள் சில நொடிகள் வெள்ளிக் கிரகத்தைவிடப் பலமடங்கு பளிச்சிட்டன. பழைய தொகுதி அகற்றப்பட்டபின் அக்காட்சி அரிதாகிவிட்டது. 2019 மேயில் முதல் 60 ஸ்ரார்லிங்க் செய்மதிகள் சென்றன. ஏவிய சில நாட்களுக்கு அவை நூலில் கோத்த மணிகள்போல் வரிசையாகப் போகும். ஸ்ரார்லிங்க் இணைய சேவை 2025 ஜூலையில் இலங்கையில் தொடங்கியது. ஆயிரக்கணக்கில் பெருகிவிட்ட இவை ஆய்வகங்களின் வான்படங்களில் கோடு கிழிப்பதாக வானியலாளர் முறையிடுகின்றனர்.

பார்க்கும் முறை

பனைகள் மறைக்காத தோட்டவெளியே சிறந்த இடம். ஐப்பசி, கார்த்திகை மாரியில் முகில் மூடும். தை பிறந்தபின் வானம் வெளிக்கும். விண்வெளி நிலையம் பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வடகிழக்காகவோ வடமேற்கிலிருந்து தென்கிழக்காகவோ செல்லும். மாலையில் தென்மேற்கே யாழ்ப்பாண நகர வெளிச்சத்துக்கு மேலே மங்கலாக எழும்பி, ஓரிரு நிமிடங்களில் வெள்ளியை ஒத்த பிரகாசம் பெறும். மினுக்காது, சத்தமும் இராது. வடகிழக்கை அடையுமுன் சில நொடிகள் செம்மஞ்சளாகி அப்படியே அணையும். அதுவே அது பூமியின் நிழலில் புகும் இடம். சிவப்பும் பச்சையுமாக மினுக்கினால் அது விமானம்.

அயல் ஏவுதளங்கள்

சிறீஹரிக்கோட்டா உரும்பிராய்க்கு நேர்வடக்கே சுமார் 445 கிலோமீற்றரில் உள்ளது. துருவப் பாதைக்குச் செல்லும் பி.எஸ்.எல்.வி. ரொக்கெட், இலங்கைக்கு மேலால் பறக்காதிருக்க முதலில் தென்கிழக்காகப் போய்ப் பின்னர் தெற்கே திரும்புகிறது; இதற்காக எரிபொருளும் ஏற்றும் சுமையும் இழக்கப்படுகின்றன. தூத்துக்குடி மாவட்டத்தின் குலசேகரப்பட்டினத்தில் 2024 பெப்ரவரி 28ஆம் திகதி இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டதற்கு இந்தச் சுற்றுவழியே முக்கிய காரணம். அங்கிருந்து கிளம்பும் சிறிய ரொக்கெட்டுகள் இலங்கைக்கு மேற்கே கடலின் மேல் நேராகத் தெற்கே போகும். குலசேகரப்பட்டினம் உரும்பிராயிலிருந்து தென்மேற்கே ஏறக்குறைய 260 கிலோமீற்றர். சிறீஹரிக்கோட்டாவைவிட மிக அருகில் உள்ளது.