மனத்திண்மையும் மாத வருவாயும்

நற்பண்புகள் மனநலத்தின் அரண் என்பது நெடுங்காலமாக நிலவிவரும் கருத்தாகும். நம்பிக்கையும் ஊக்கமும் உடையோர் துன்பத்திலும் நிலைகுலையார் என்று நம் முன்னோரும் கூறினர். இக்கால உளவியலாளரும் கூறுகின்றனர். 2004ஆம் ஆண்டிலே அமெரிக்கரான கிறிஸ்தோபர் பீற்றர்சனும் மார்ட்டின் செலிக்மனும் மனிதனின் நற்பண்புகளை இருபத்துநான்காக வகுத்து நூலொன்றை வெளியிட்டனர். அவற்றுள் நம்பிக்கை, உற்சாகம், நன்றியுணர்வு, அன்பு, அறியும் ஆவல் என்பன வளர்ந்தோரின் வாழ்க்கை நிறைவோடு நெருங்கிய தொடர்புடையன என்று அவர்கள் பங்குகொண்ட ஆய்வொன்று அதே ஆண்டிற் காட்டிற்று. இத்தொடர்பை மறுக்க நாம் முற்படவில்லை. ஆயின், இப்பண்புகள் எங்கே வேர்கொள்கின்றன, எதனால் பட்டுப்போகின்றன என்ற வினாவை எழுப்புதல் நம் கடனாகும். அவ்வினாவுக்குச் சரித்திரம் ஏற்கெனவே ஒரு விடையை அளித்திருக்கின்றது.

ஒஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவுக்கு அண்மையில் மரியென்தால் என்றொரு தொழிலாளர் குடியிருப்பு இருந்தது. அங்கிருந்த நெசவாலையே ஊருக்கு உயிர். உலகப் பொருளாதார நெருக்கடியின் விளைவாக 1929இல் மூடத் தொடங்கிய ஆலை, 1930இன் தொடக்கத்தில் முற்றாக மூடப்பட்டது. ஏறக்குறைய ஊர் முழுவதும் வேலையிழந்தது.

அக்காலத்தில் வியன்னாவிலிருந்த இளம் ஆய்வாளர் பால் லாசார்ஸ்பெல்ட், தொழிலாளரின் ஓய்வு நேரத்தை ஆராய எண்ணியிருந்தார். வேலையே இல்லாதோர் பெருகியுள்ள நாட்டில் ஓய்வை ஆராய்வதா என்று சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் ஒட்டோ பவர் அவரை இடித்துரைத்து, வேலையின்மையை ஆராயுமாறு தூண்டினார். லாசார்ஸ்பெல்ட், மாரி யஹோடா, ஹான்ஸ் சைசெல் ஆகியோரின் குழு 1931இன் இறுதியில் மரியென்தாலுக்குச் சென்றது. வெறும் பார்வையாளராக எவரும் அங்கு நிற்றலாகாது என்பது அவர்கள் வகுத்துக்கொண்ட விதி. உடைகள் வழங்கியும், மருத்துவ உதவி அளித்தும், தையல் வகுப்பு நடத்தியும் மக்களோடு பழகியே அவர்கள் செய்தி திரட்டினர்.

அவர்கள் கண்டது யாது? ஊர்த் தொழிலாளர் நூலகத்திலே கட்டணமின்றி நூல் பெறக்கூடியதாக இருந்தும், 1929க்கும் 1931க்கும் இடையில் இரவல் பெறப்பட்ட நூல்கள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன. நேரம் மிகுந்தது, வாசிப்போ குன்றியது. ஆண்கள் தெருவில் நின்று நின்று நடந்தனர். பலர் கைக்கடிகாரம் அணிவதையும் விட்டனர். வீட்டுவேலை ஓயாத பெண்களோ விரைந்து நடந்தனர்.

நுணுகி ஆராய்ந்த நூறு குடும்பங்களை ஆய்வாளர் நான்காக வகுத்தனர். எதிர்காலத் திட்டங்களுடன் வேலை தேடித் திரிந்த, நிலைகுலையாக் குடும்பங்கள் 16. வீட்டையும் பிள்ளைகளையும் பேணிக்கொண்டு, ஆசைகளைச் சுருக்கி அடங்கியவை 48. வெளித்தோற்றத்தில் ஒழுங்காயினும் உள்ளே மனமுறிவுற்றவை 11. எல்லாவற்றையும் கைவிட்டு மரத்துப்போனவை 25.

இவ்வேறுபாட்டைக் குணத்தின் வேறுபாடு என்று கூறி அமைவது எளிது. ஆனால் ஆய்வாளர் வருவாயையும் கணக்கிட்டனர். வளர்ந்த ஒருவரின் நுகர்வை அலகாகக் கொண்டு பார்த்தபோது, நிலைகுலையாதோரின் மாத வருவாய் 34 ஷில்லிங், அடங்கியோருக்கு 30, மனமுறிவுற்றோருக்கு 25, மரத்துப்போனோருக்கு 19. சில ஷில்லிங் வேறுபாட்டின் பொருள் யாதெனில், உணவிற் சீனி சேர்ப்பதா சக்கரின் சேர்ப்பதா, பிள்ளையின் சப்பாத்தைத் திருத்துவதா பிள்ளையை வீட்டில் நிறுத்துவதா என்பதே. அரசு வழங்கிய வேலையின்மைக் கொடுப்பனவோ காலஞ் செல்லச் செல்லக் குறைந்து, ஈற்றில் நின்றுபோவது. அது குறையுந்தோறும் குடும்பங்கள் படிப்படியாகக் கீழிறங்கின. முன்னைய வாழ்க்கை அனுபவம் சிலருக்குக் கூடுதற் காலம் தாக்குப்பிடிக்கும் வலிமையைத் தந்ததென்பதையும் ஆய்வாளர் மறைக்கவில்லை. ஆனால் அவ்வலிமைக்கும் எல்லையுண்டு.

ஆய்வு நூல் 1933இல் ஜேர்மனியில் வெளியாயிற்று. யூதப் பெயர்களென்பதால் ஆசிரியர்களின் பெயர்கள் அட்டையில் இடம்பெறவில்லை. சோஷலிஸ்டான யஹோடா, தடைசெய்யப்பட்ட இயக்கப் பணிக்காக 1936இல் ஒஸ்திரிய அரசாற் சிறையிடப்பட்டு, 1937இல் நாட்டைவிட்டு வெளியேறும் நிபந்தனையின்பேரில் விடுவிக்கப்பட்டார்.

இதே யஹோடாதான் 1958இல் அமெரிக்காவில் வெளியான தமது நூலில், நோயின்மை மட்டும் மனநலமாகாது என வாதிட்டார். தன்னைப் பற்றிய தெளிவான மனப்பாங்கு, ஆற்றல்களின் வளர்ச்சி, ஆளுமையின் ஒருங்கிணைவு, சுயாதீனம், உள்ளதை உள்ளவாறு காணல், சூழலை ஆளுந்திறன் என்னும் ஆறு அளவுகோல்களை அவர் தொகுத்துரைத்தார். 1982இல் வேலையைப் பற்றி எழுதிய நூலில், அது ஊதியத்தோடு நேர ஒழுங்கையும், குடும்பத்துக்கு வெளியேயான உறவுகளையும், கூட்டு நோக்கத்தையும், சமூகத்தில் ஓர் இடத்தையும், இடையறாச் செயற்பாட்டையும் வழங்குகின்றது என்றார். இவ்விரண்டையும் சேர்த்து நோக்கும்போதே மனநலத்தின் முழுவடிவம் புலப்படும்.

பின்வந்தோர் இவ்விணைப்பை மறந்ததன் விளைவு 2013இல் பிரித்தானியாவில் வெளிப்பட்டது. அங்கு வேலை தேடுவோர் சிலர், தம் நற்பண்புகளை அறிவதற்கென்று அரசு தந்த வினாக்கொத்தை நிரப்பினர். எவ்விடையளித்தாலும் ஒரே முடிவே வருகின்றதெனப் பின்னர் பத்திரிகைகள் அம்பலப்படுத்தின. வேலைக்கு மாறாகப் புகழ்மொழி. அதுவும் அச்சிற் வார்த்த புகழ்மொழி!

வேலையற்றவனை நோக்கி ‘நம்பிக்கை கொள்’ எனக் கூறுவோர், அவன் நம்பிக்கையிழந்ததை அவனது குற்றமாகவே எண்ணுகின்றனர். நம் வகுப்பறைகளில், பசியோடு வந்து பின்வரிசையிற் சோர்ந்திருக்கும் மாணவனை ‘ஊக்கமற்றவன்’ எனக் குறிக்கும்போது நாமும் அவ்வரிசையிற் சேர்கின்றோம். நம்பிக்கையும் ஊக்கமும் வளர்க்கப்படவேண்டிய பண்புகளே. அவை வளர்வதற்கு வேண்டிய உணவையும் தொழிலையும் மதிப்பையும் மக்கள் யாவர்க்கும் உரித்தாக்கும் போராட்டமும் மனநலப் பணியே என்பதை மரியென்தால் நமக்கு உணர்த்துகின்றது.