நெறிக்காய்ச்சலும் பெனிசிலினும்: யானைக்கால் நோய் வரலாற்றின் விடுபட்ட பகுதி

தமிழகத்தில் யானைக்கால் நோயின் வரலாறு பெரும்பாலும் கொசுவின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. 1955இல் தொடங்கிய தேசியத் திட்டம் இரவில் எடுத்த இரத்தத் துளியில் நுண்புழுக்களைத் தேடியது. 1980களில் மதுரையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிறுவிய மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையமும், திருக்கோவிலூர் வட்டாரச் சிற்றூர்களில் கொசுக் கட்டுப்பாட்டின் பயனையும் டி.இ.சி. மாத்திரையின் பயனையும் அளந்தது. நோய் பரவலைத் தடுக்க இது இன்றியமையாத பணியே. ஆயினும் முன்பே கால் வீங்கியவரின் துன்பம் அவ்வளவைகளுக்குள் அடங்கவில்லை.

அவர்களைப் படுக்கையில் தள்ளுவது வீக்கத்தினும் காய்ச்சலே. குளிர் நடுக்கம், தொடையிடுக்கில் நெறி கட்டுதல், கால் சிவந்து எரிதல். சில நாள் கூலியும் போகும். ஒவ்வொரு முறையும் நிணநாளங்கள் மேலும் சிதைய, வீக்கம் கூடுகிறது. வீங்கிய கால் அடுத்த காய்ச்சலுக்கு எளிதில் இடங்கொடுக்கிறது. இதனைப் புழுவின் செயலெனக் கொண்டு டி.இ.சி. கொடுப்பதே நெடுநாள் வழக்கம்.

அக்கருத்தை அசைத்தவற்றுள் தஞ்சாவூர் ஆய்வுகள் முதன்மையானவை. 1990களில் எஸ். ஜமாலும் போலந்து மருத்துவர் ஓல்ஷெவ்ஸ்கியும் நோயாளிகளின் திசுநீர், நிணநீர், நிணக்கணு ஆகியவற்றிலிருந்து பாக்டீரியாக்களை வளர்த்துக் காட்டினர். நடவு வயலில் நிற்போர் அற்பமெனக் கருதும் சேற்றுப்புண், கிருமி புகும் வாயிலாகப் புதுப்பொருள் பெற்றது.

தடுப்பு பற்றிய தெளிவு ஆலப்புழையிலிருந்து வந்தது. ஷெனாய் குழுவினர் 1999இல் வெளியிட்ட ஆய்வில் பெனிசிலின், டி.இ.சி., களிம்பு, போலி மாத்திரை ஆகியவை ஒப்பிடப்பட்டன. எல்லோரும் காலைச் சோப்பிட்டுக் கழுவி, விரலிடுக்குகளை உலர்த்திப் பேணினர். போலி மாத்திரை பெற்றோருக்கும் காய்ச்சல் குறைந்தது. டி.இ.சி.யால் தனிப்பயன் காணப்படவில்லை. வீக்கம் முற்றிய கால்களுக்கே பெனிசிலின் பொருத்தமெனக் கருதப்பட்டது. 2005இல் ஓல்ஷெவ்ஸ்கி, ஜமால் குழுவினர் நீண்டநேரம் செயற்படும் பெனிசிலின் ஊசியும் காய்ச்சல் திரும்புவதைக் குறைத்ததாக எழுதினர். வாத இதயநோய்ச் சிறாருக்கு நம் மருத்துவர்கள் ஆண்டுக்கணக்கில் போட்டுவந்த அதே ஊசிதான் அது.

யானைக்கால் நோயில்லாத பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும், காலில் இத்தொற்று திரும்பத் திரும்ப வந்த 274 பேரிடம் நடந்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. ஓராண்டு நாளுக்கு இருமுறை 250 மில்லிகிராம் பெனிசிலின் உண்டோரில் 22 விழுக்காட்டினருக்கும், போலி மாத்திரை உண்டோரில் 37 விழுக்காட்டினருக்கும் தொற்று திரும்பியது. மருந்தை நிறுத்தியபின் இந்த வேறுபாடு நிலைக்கவில்லை. கால் கழுவுதலை மருந்துக்குத் துணையாகவன்றி முதன்மைச் சிகிச்சையாக ஆலப்புழை ஆய்வு கண்டதன் பொருத்தம் இவ்விடத்தில்தான் புலப்படுகிறது.