இடுப்பின் மையத்தைத் தேடிய கணினி

அறுவைக் கருவியின் முனை உடலுக்குள் எந்த இடத்தில் நிற்கிறது என்பதை எண்களால் அறியும் முயற்சி மூளை ஆய்வில் தொடங்கியது. 1908-இல் லண்டனில் விக்டர் ஹார்ஸ்லியும் ராபர்ட் கிளார்க்கும் விலங்கின் மண்டையோட்டில் ஒரு சட்டகத்தைப் பொருத்தி, மூளையின் எந்தப் புள்ளியையும் மூன்று அளவுகளால் குறித்துக் காட்டினர். கைகால் எலும்புகளுக்கு இம்முறை ஒத்துவரவில்லை. சதை சூழ்ந்த தொடை எலும்பு அறுவையின் நடுவிலும் அசைந்துகொண்டிருக்கும்.

1992 நவம்பரில், கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோ நகரில் ரோபோடாக் என்னும் எந்திரம் இடுப்பு மூட்டு மாற்று அறுவையில் தொடை எலும்பின் உட்குழியைக் குடைந்தபோது, எலும்பை அசையாதபடி இறுக்கிப் பிடிப்பதே வழியாக இருந்தது. எலும்பின் இடத்தை எந்திரம் அறிய முன்கூட்டியே அதில் ஆணிகளைப் பதித்து, பின்னர் சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டியிருந்ததால், ஒரு மூட்டுக்காக நோயாளி இருமுறை கத்தியைத் தாங்க நேர்ந்தது. இது சிறிய குறையன்று.

பிரான்சின் கிரெனோபிள் நகர மருத்துவர்களும் கணிதவியலாரும் எலும்பின் அசைவையே அளவுகோலாக்கினர். முழங்கால் மூட்டு மாற்றில் இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஆகிய மூன்று மூட்டுகளின் மையங்களும் ஒரே நேர்கோட்டில் அமைய வேண்டும். எடைதாங்கு அச்சு எனப்படும் இக்கோடு 3 பாகைக்கு மேல் விலகினால் செயற்கை மூட்டு விரைவில் தளரும் என்பது அக்கால மருத்துவர்களின் பொதுக் கருத்து. இடுப்பின் மையமோ ஆழப் புதைந்தது, விரலால் தொட்டறிய இயலாதது. எனவே, அகச்சிவப்பு ஒளியால் கேமரா இனங்காணும் குறிகாட்டி ஒன்றைத் தொடை எலும்பில் திருகிப் பொருத்தி, மருத்துவர் தொடையை மெல்ல வட்டமாகச் சுழற்றுவார். குறிகாட்டி செல்லும் பாதை ஒரு கோளத்தின் மேற்பரப்பில் அமைவதால், அக்கோளத்தின் நடுப்புள்ளியைக் கணினி கணக்கிட்டுவிடும். அதுவே இடுப்பின் மையம். ஸ்கேன் தேவையில்லை, எக்ஸ்ரேயும் தேவையில்லை. பள்ளிக்கூட வடிவியலை அறுவை மேசைக்குக் கொண்டுவந்த இச்சிந்தனையைவிட நயமானது இத்துறையின் வரலாற்றில் வேறில்லை எனலாம். 1997 ஜனவரி 21 அன்று கிரெனோபிள் மருத்துவர் டொமினிக் சராகாலியா இம்முறையில் முதல் நோயாளிக்கு மூட்டைப் பொருத்தினார்.

எலும்பு முறிவு அறுவைக்கு இது போதவில்லை; உடைந்த துண்டுகள் தனித்தனியே நகர்வதால் ஒவ்வொன்றையும் தனியே பின்தொடர வேண்டும். 1990-களின் இறுதியில், சி-ஆர்ம் என்னும் நகரும் எக்ஸ்ரே கருவி எடுத்த படங்களின்மேல் கருவியின் இடத்தைக் கணினி காட்டும் முறை வந்தபின், இடுப்பெலும்பு வளையத்தில் திருகாணி செலுத்துகையில் மருத்துவர் ஏற்கும் கதிர்வீச்சு குறைந்தது. உடைந்த துண்டுகளை இழுத்துச் சேர்த்து நேராக நிறுத்தும் வேலை இன்றும் பெரும்பாலும் கையால்தான் நடக்கிறது.