வாரம் ஒரு பவுனில் லண்டன்

காந்தியின் லண்டன் நாட்களைத் தமிழில் யார் சொன்னாலும் அது ஓர் ஒழுக்கக் கதையாகிவிடும். 1888இல், பத்தொன்பதை எட்டும் வயதில் போய் இறங்கினார். பத்தொன்பது ஷில்லிங்குக்கு உயரத் தொப்பி, பாண்ட் தெருவில் பத்து பவுனுக்கு மாலை உடுப்பு, நடனத்துக்கு மூன்று பவுன், வயலினுக்கு மூன்று பவுன் என்று கொஞ்ச காலம் செலவழித்தார். பிறகு தெளிந்து, மனத்தை அடக்கி, எளிமைக்குத் திரும்பினார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் ‘சத்திய சோதனை’யில் எழுதிவைத்திருக்கும் செலவுக் கணக்கைத் தனியே எடுத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. அவருடைய செலவு குறைந்ததற்கு மன அடக்கம் ஒரு காரணம் என்றால், லண்டன் எப்படி இயங்குகிறது என்பது பிடிபட்டது அதைவிடப் பெரிய காரணம். அந்நிய நகரத்தில் குறைந்த காசில் வாழ்வதற்குக் குணம் மட்டும் போதாது. அதற்கு அந்த நகரத்தில் ஏற்பாடுகள் இருக்க வேண்டும், அவை இருக்கும் இடம் வந்தவனுக்குத் தெரியவும் வேண்டும்.

முதல் சில மாதங்களைப் பார்ப்போம். விக்டோரியா ஹோட்டலில் தங்கிய ஒருசில நாட்களுக்கே மூன்று பவுன் ஆனது. தொகையைக் கண்டு அதிர்ந்துபோனார். அங்கிருந்து சுற்றி வளைத்து, வெஸ்ட் கென்சிங்டனில் ஒரு குடும்பத்தோடு தங்கப் போனார். ஊர் தெரியாத மாணவனுக்குக் குடும்ப வீடுதான் பத்திரம் என்பது அன்றைய இந்தியர்களின் பொதுவான எண்ணம். அந்தப் பத்திரத்தின் முழு விலை வாடகையில் தெரியாது. வாரத்துக்கு இவ்வளவு என்று பேசியாகிவிட்டால், வெளியே சாப்பிட்ட வேளைக்குக் காசு கழியாது. மரியாதைக்காக வீட்டாரை அவ்வப்போது விருந்துக்கு அழைத்துப் போக வேண்டும். பெண்கள் உடன் வந்தால் வண்டிக்கூலி ஆணின் தலையில்தான். இவையெல்லாம் ஊதாரித்தனம் அல்ல. அந்த வீட்டில் இருப்பதற்கான மறைமுகக் கட்டணம். கட்டுப்பாடுள்ள ஒருவன் அங்கே இருந்தாலும் கட்டியே ஆக வேண்டும். வீட்டை விட்டு வெளியேறித் தனி அறை எடுத்தபோதுதான் அந்தச் செலவு முழுவதும் ஒரே அடியாக நின்றது. படிக்கும் இடத்துக்கு அரைமணி நேரத்தில் நடந்து போகிற தூரத்தில் அறை பார்த்ததும் வண்டிச்செலவும் போயிற்று.

பின்னால் அவர் இறங்கிய கணக்கு இது: ஒற்றை அறைக்கு வாரம் எட்டு ஷில்லிங், அறையிலேயே அடுப்பு, காலையில் ஓட்ஸ் கஞ்சியும் கொக்கோவும், மதியம் வெளியே, இரவு ரொட்டியும் கொக்கோவும். இப்படி நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸ். (பவுனுக்கு இருபது ஷில்லிங், ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்ஸ்.) வாரச் சாப்பாடு எட்டு ஷில்லிங் ஒன்பது பென்ஸ் ஆகிறது, வாடகையைச் சேர்த்தால் பதினாறு ஷில்லிங் ஒன்பது பென்ஸ். கரிக்கும் சலவைக்கும் தபாலுக்கும் கொஞ்சம் மீதி வைத்து, ஒரு பவுனுக்குள் வாரம் முடிந்துவிடும். இந்தக் கணக்கில் அவர் கண்டுபிடித்தது எதுவும் இல்லை. வாரக் கூலி வாங்கும் குமாஸ்தாக்களையும் தொழிலாளிகளையும் நம்பி, அறைகளை வாரக் கணக்கில் வாடகைக்கு விடும் வழக்கம் லண்டனில் ஊறிப்போயிருந்தது. சாராயக்கடைக்குப் போட்டியாக மதுவிலக்கு இயக்கம் 1870களில் வளர்த்த கொக்கோ கடைகள் நகரெங்கும் இருந்தன. வாரம் இரண்டு ஷில்லிங் அறையில் தங்கி, லாக்ஹார்ட் கடையில் வேளைக்கு இரண்டு பென்ஸ் கொக்கோவும் ரொட்டியுமாகக் காலம் தள்ளிய ஏழை மாணவரை காந்தி அறிந்திருந்தார். அவரைப் பார்த்துத்தான் தன் செலவை மீண்டும் குறைத்தார். சைவ உணவகங்களோ அந்தப் பத்தாண்டின் இறுதியில் முப்பதுக்கும் மேல் இருந்தன. அவை இந்தியர்களுக்காகத் திறக்கப்பட்டவை அல்ல. சிக்கனத்தையும் உடல்நலத்தையும் பேசிய ஆங்கிலேயச் சீர்திருத்தக்காரர்கள், குறைந்த சம்பளக்காரர்களை மனத்தில் வைத்து நடத்தியவை. இங்கிலாந்தின் ஏழைகளுக்காக ஏற்பட்ட இடங்களில்தான் நம் மாணவர்கள் பசியாறினார்கள்.

இதற்கு முதல் மறுப்பு எளிதில் வரும்: இடங்கள் எல்லோருக்கும்தான் இருந்தன, எத்தனை இந்திய மாணவர்கள் அப்படி வாழ்ந்தார்கள், மனவுறுதி இல்லாமல் இது நடக்குமா? நியாயமான கேள்வி. ஆனால் அந்த மனவுறுதி காந்தியிடம் கப்பல் ஏறும்போதே இருந்தது. இறைச்சி தொடுவதில்லை என்று தாயிடம் சத்தியம் செய்துவிட்டுத்தான் புறப்பட்டார். லண்டனில் அந்த உறுதி முதலில் அவரைப் பட்டினிதான் போட்டது. வீட்டில் வைக்கும் இரண்டு மூன்று ரொட்டித் துண்டுக்கு மேல் கேட்கக் கூச்சம். காசையும் கொடுத்துவிட்டு அரை வயிற்றோடு எழுந்தார். சைவ உணவகம் என்று ஒன்று இந்த ஊரில் உண்டு என வீட்டுக்காரம்மா சொன்ன பிறகு, தினம் பத்துப் பன்னிரண்டு மைல் அலைந்து தேடினார். கிடைக்காத நாட்களில் மலிவான கடையில் நுழைந்து ரொட்டியால் வயிற்றை நிரப்பினார். கடைசியில் ஃபாரிங்டன் தெருவில் ‘சென்ட்ரல்’ கண்ணில் பட்டது. அதன் கண்ணாடி அலமாரியில் விற்பனைக்கு இருந்த சைவ உணவை ஆதரிக்கும் ஹென்றி சால்ட்டின் சிறுநூலை ஒரு ஷில்லிங் கொடுத்து வாங்கிக்கொண்டுதான் உள்ளே சாப்பிடப் போனார். அந்தக் கடைக்கு முன்னும் பின்னும் அவருடைய உறுதியில் மாற்றம் இல்லை. ஒரு முகவரி தெரிந்தது, அவ்வளவுதான். அங்கே தொடங்கிய பழக்கம் லண்டன் சைவச் சங்கத்துக்கும், பிறகு அந்த வட்டாரத்து நண்பர் ஜோசையா ஓல்ட்ஃபீல்டுடன் பேஸ்வாட்டரில் அறையைப் பகிர்ந்துகொள்வதற்கும் கொண்டுபோய்விட்டது.

எந்தச் சிக்கனமும் தொட முடியாத செலவுகளும் இருந்தன. பாரிஸ்டர் ஆகப் பன்னிரண்டு பருவம் முடிக்க வேண்டும். ஒவ்வொரு பருவத்திலும் சட்டக் கல்விக்கழகத்தின் குறைந்தது ஆறு விருந்துகளுக்கு வந்ததாகக் கணக்கு இருக்க வேண்டும். ஒரு விருந்துக்கு இரண்டரை முதல் மூன்றரை ஷில்லிங். அதாவது ஒருவேளை உட்கார்ந்து எழ, குறைந்தபட்சமே இரண்டு நாள் சாப்பாட்டுக் காசு. நான்கு பேர் மேசைக்கு இரண்டு பாட்டில் ஒயின் வரும். குடிக்காத காந்தியைத் தங்கள் மேசைக்கு இழுக்க மற்றவர்களிடம் போட்டி இருந்ததில் ஆச்சரியம் என்ன!

இரண்டாவது மறுப்புதான் கனமானது. திவான் வீட்டுப் பிள்ளை விரும்பி ஏற்ற எளிமையை வறுமைக்கான சான்றாக எப்படி வைப்பது? அதே லண்டனின் கிழக்கில், துறைமுகப் பக்கம், லஸ்கர் என்று அழைக்கப்பட்ட இந்தியக் கப்பலாட்கள் கூலி கைக்கு வராமலும் திரும்பும் கப்பல் கிடைக்காமலும் தெருவில் நின்றார்கள். அவர்களைச் சொல்லாமல் லண்டன் ஏழை இந்தியனுக்கு இடம் கொடுத்தது என்று எழுதினால் அது பொய். ஆனால் அவர்கள் கதையும் எந்த இடத்தில் முறிகிறது என்று பார்க்க வேண்டும். இறங்கிய கப்பலாளுக்குத் தெரிந்த மலிவான இடம் துறைமுக விடுதி ஒன்றுதான். கூலியை அங்கேயே கறந்துவிடுவார்கள். அதற்கு மாற்றாக லைம்ஹவுஸ் வட்டாரத்தில், வெஸ்ட் இந்தியா டாக் சாலையில் 1857இல் ‘ஆசியர்களுக்கான அந்நியர் இல்லம்’ திறக்கப்பட்டது. படுக்கையும் சாப்பாடும் மட்டுமல்ல. காசைப் பத்திரமாக வைத்துக் கொடுப்பது, அடுத்த கப்பலில் வேலை பிடித்துக் கொடுப்பது எல்லாம் அதன் வேலைகள். பாதிரிமார்களின் போதனையும், சீக்கிரம் ஊருக்கு அனுப்பிவிடும் நோக்கமும் கூடவே வந்தன. மாணவனுக்குக் கிடைத்த சுதந்திரம் கப்பலாளுக்குக் கிடைக்கவில்லை. இருவருக்கும் வித்தியாசம் குணத்தில் இல்லை. தன் காலால் நடந்து நகரத்தைத் தேடிக் கண்டுகொள்ள ஒருவனுக்கு மொழியும் நேரமும் இருந்தன, மற்றவனுக்கு இல்லை.

மலிவாக வாழும் விவரத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பது காந்திக்கே தெரிந்திருந்தது. 1893, 1894 வாக்கில் தென்னாப்பிரிக்காவில் இருந்துகொண்டு, லண்டனுக்குப் போகும் இந்தியர்களுக்கு ஒரு கையேடு எழுதினார். வாரம் ஒரு பவுனில் வாழலாம் என்று இனம் இனமாகக் கணக்குப் போட்டுக் காட்டினார். அது அவர் காலத்தில் அச்சேறவில்லை. அந்தக் கையேடு நிரப்பியிருக்க வேண்டிய இடத்தை அரசியல் பிடித்துக்கொண்டது. 1905இல் ஷியாம்ஜி கிருஷ்ணவர்மா ஹைகேட்டில் இந்தியா ஹவுஸைத் திறந்தார். வ.வே.சு. ஐயரும் டி.எஸ்.எஸ். ராஜனும் அங்கே இருந்தவர்கள். அது புரட்சிக்காரர்களின் கூடாரம் என்றே வரலாற்றில் பேர் வாங்கியிருக்கிறது. முதலில் அது மாணவர் விடுதி என்பது பின்னுக்குப் போய்விட்டது. 1909இல் பிரிட்டிஷ் அதிகாரி கர்சன் வில்லி சுட்டுக் கொல்லப்பட்டதும் அது முடிந்தது. அடுத்த ஆண்டே 21, குரோம்வெல் சாலையில் அரசின் மாணவர் ஆலோசனை அலுவலகமும் புதிதாக வருபவர்களுக்கான அறைகளும் ஒரே கட்டடத்தில் வந்துவிட்டன. உளவு பார்க்கிற இடம் என்று மாணவர்கள் சந்தேகித்ததைத் தப்பு சொல்ல முடியாது. அறை தேடி வருபவனைப் பற்றி எல்லாமும் தெரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி ஏது?

முதல் உலகப் போருக்குப் பின் மாணவர் எண்ணிக்கை கூடியது. நிறம் பார்த்துக் கதவைச் சாத்தும் வீட்டுக்காரம்மாக்களைப் பற்றிய புகார்களும் கூடின. இந்த நிலையில் 1920இல் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் லண்டனில் இந்திய மாணவர் விடுதி ஒன்று ஏற்பட்டது. அதற்கு முன்னின்றவர் சேலத்துக்காரரான கே.டி. பால். அந்த விடுதி இடம் மாறி, இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் கட்டடத்தை இழந்து, இப்போது ஃபிட்ஸ்ராய் சதுக்கத்தில் நடக்கிறது. அதன் சாப்பாட்டுக்கூடத்தில் வெளியாட்களும் காசு கொடுத்துச் சாப்பிடலாம்.