கடைமடைக் கணக்கு

காவிரி வழக்கு என்றால் நமக்கு இரண்டு மாநிலங்கள்தான் ஞாபகத்துக்கு வரும். தீர்ப்பின் பங்கீட்டில் ஆகச் சிறிய எண் ஒன்றும் இருக்கிறது: புதுச்சேரிக்கு 7 டிஎம்சி. பேர்தான் புதுச்சேரி, தண்ணீர் அந்த நகரத்துக்கு அல்ல. நூறு கிலோமீட்டருக்கு மேல் தெற்கே, மூன்று பக்கம் தமிழ்நாடும் ஒரு பக்கம் கடலுமாகக் கிடக்கும் காரைக்காலுக்கு. அரசலாறு, நாட்டாறு, வாஞ்சியாறு, நூலாறு, திருமலைராஜனாறு என்று காவிரியின் வால்கள் பல இங்கேதான் முடிகின்றன. கடைமடைக்கும் கடைமடை.

இந்த எல்லையைப் போட்டது ஆறு அல்ல, அரசியல். 1739இல் தஞ்சை மராட்டிய அரசிடமிருந்து காரைக்கால் பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போனது. 1799இல் தஞ்சாவூரின் நிர்வாகம் ஆங்கிலேயர் வசமானது. அதன்பின் ஒரே ஆற்றின் மேல்பகுதி ஒரு கொடியின் கீழ், வால் இன்னொரு கொடியின் கீழ். நீரைப் பங்கிட 1892இலும் 1924இலும் ஒப்பந்தங்கள் ஆயின. இரண்டிலும் கையெழுத்திட்ட தரப்புகள் மைசூரும் சென்னையும். காரைக்காலில் நெல் விளைந்தது, கையெழுத்து இல்லை.

1954 நவம்பர் 1இல் பிரெஞ்சு ஆட்சி முடிந்தது. 1990 ஜூன் 2இல் காவிரி நடுவர் மன்றம் அமைந்தபோது புதுச்சேரியும் ஒரு தரப்பு. அடுத்த ஆண்டின் இடைக்கால உத்தரவு மேட்டூருக்கு 205 டிஎம்சி என்றது. அதில் 6 டிஎம்சியைத் தமிழ்நாடு காரைக்காலுக்குத் தர வேண்டும். 2007 பிப்ரவரி 5இல் வந்த இறுதித் தீர்ப்பில் மொத்தம் 740. தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7. மீதி 14 சுற்றுச்சூழலுக்கும் தவிர்க்க முடியாமல் கடலுக்குப் போவதற்கும்.

இந்த 740 எங்கிருந்து வந்தது? 1934–35 முதல் 1971–72 வரையிலான 38 ஆண்டு நீர்வரத்தை எடுத்துக்கொண்டார்கள். பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் அளவுதான், தோராயமாக, '50 சதவீத நம்பகத்தன்மை' என்பது. இரண்டு ஆண்டுக்கு ஓர் ஆண்டு இவ்வளவாவது வரும். மற்ற ஆண்டுகளில் வராது. மென்பொருள் துறையில் ஒரு சர்வர் பாதி நாள்தான் தாங்கும் என்று நான் வடிவமைத்தால் வேலை போய்விடும். நீரியலில் இதற்கு நியாயம் உண்டு. 75 சதவீதத்தை எடுத்தால் எண் சிறியதாகிவிடும், நல்ல ஆண்டின் உபரி யாருக்கும் ஒதுக்கப்படாமல் போகும். நல்ல ஆண்டின் மிச்சத்தை அணைகள் ஓரளவு சேமித்துத் தரும் என்பது ஒரு நம்பிக்கை. தரவில்லையென்றால்? பற்றாக்குறை ஆண்டில் எல்லோருடைய பங்கும் அதே விகிதத்தில் குறையும் என்கிறது தீர்ப்பு.

சரி, 7 டிஎம்சி போதுமா? ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி. ஏழு என்றால் ஏறக்குறைய 19.8 கோடி கன மீட்டர். காரைக்காலின் பரப்பு சுமார் 160 சதுர கிலோமீட்டர். வீடு, ரோடு, வயல் எல்லாவற்றையும் சேர்த்து இந்தத் தண்ணியைப் பரப்பினால் இடுப்புக்கு மேல், ஒன்றே கால் மீட்டர் உயரம் நிற்கும். காகிதத்தில் தாராளம்தான்.

சிக்கல் கொள்ளளவில் இல்லை, ஓட்டத்தில் இருக்கிறது. விநாடிக்கு 81,000 கன அடி ஒரே நாளில் ஓடினாலும் 7 டிஎம்சி. விநாடிக்கு 1,000 கன அடி 81 நாள் வந்தாலும் 7 டிஎம்சி. முதலாவது வெள்ளம், இரண்டாவது பாசனம். ஆண்டுக் கணக்கில் இரண்டும் ஒன்று, நாற்றுக்கு ஒன்றல்ல. குறுவைக்கு ஜூனில் தண்ணீர் வேண்டும். காரைக்காலுக்கு மழை கொட்டுவது அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. அந்த நேரத்தில் மேலே உள்ள வயல்கள் வடிக்கும் நீரும் இந்த வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும்.

காலத்தின் முக்கியத்துவம் நடுவர் மன்றத்துக்குத் தெரியாமல் இல்லை. தமிழ்நாட்டுக்கு ஜூனில் 10, ஜூலையில் 34, ஆகஸ்டில் 50 என்று மாதவாரியாகவே பிரித்தார்கள். 2018 பிப்ரவரி 16இல் உச்ச நீதிமன்றம் கர்நாடகத்தின் பங்கில் 14.75 டிஎம்சியைக் கூட்டித் தமிழ்நாட்டுக்கு அதே அளவு குறைத்தபோது அந்த மாத எண்களும் மாறின. காரைக்காலின் 7 மாறவில்லை. ஆனால் மாத எண்கள் அளக்கப்படுவது மாநில எல்லையில், பிலிகுண்டுலுவில். அங்கிருந்து காரைக்காலுக்கு வருவதற்குள் மேட்டூர், முக்கொம்பு, கல்லணை, அதற்குப் பிறகு எத்தனையோ ரெகுலேட்டர்கள், மதகுகள். ஒவ்வொரு கட்டத்திலும் ஆவியாவது, மண்ணில் இறங்குவது, மேலே இருப்பவர் முதலில் எடுப்பது என்று கழிந்துகொண்டே வரும். மீதி எவ்வளவோ அதுதான் கடைமடைக்கு. மாதிரியில் இதை இழப்பு என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். ஊரில் அது, 'மேட்டூர் திறந்தாச்சு' என்ற செய்திக்கும் 'நம்ம வாய்க்காலுக்கு வந்தாச்சு' என்ற செய்திக்கும் நடுவே விதை விடலாமா வேண்டாமா என்று காத்திருக்கும் நாட்கள்.

மேட்டூரின் நீர்மட்டம் நாளிதழில் தினமும் வருகிறது. அரசலாறும் நாட்டாறும் காரைக்கால் எல்லையைத் தாண்டும் இடத்தில் இன்று விநாடிக்கு எத்தனை கன அடி என்பதும் பக்கத்திலேயே ஒரு வரியாக வர வேண்டும். 1924இல் இல்லாத கையெழுத்துக்கு இன்று ஈடு செய்யக்கூடியது அந்த ஒரு வரிதான் என்று நினைக்கிறேன்.