கண்ணாடி வீட்டுக்காக ஒரு கோர்ட் கேஸ்

எங்க அப்பா வீடு கட்டினப்போ மேஸ்திரி எஸ்டிமேட்டை ஒரு நோட்டோட கடைசிப் பக்கத்துல எழுதிக் கொடுத்தார். அக்ரிமென்ட்னு எதுவும் கிடையாது. "நமக்குள்ள என்ன சார்"னு சொல்லிட்டார். ரூஃப் கான்கிரீட் போடுறதுக்குள்ள கணக்கு எங்கேயோ போயிடுச்சு. ரெண்டு பேரும் பேசுறதையே நிறுத்திட்டாங்க.

இன்னிக்குச் சொல்லப்போறதும் கிட்டத்தட்ட அதே கதைதான். ஆனா நடந்தது அமெரிக்காவுல. கட்டிக் கொடுத்தவர் மீஸ் வான் டெர் ரோ, 20-ஆம் நூற்றாண்டின் மிகப் பெரிய கட்டடக் கலைஞர்களில் ஒருத்தர்.

எடித் ஃபார்ன்ஸ்வொர்த் சிகாகோவில் பெயர் வாங்கின சிறுநீரக மருத்துவர். கல்யாணம் பண்ணிக்கலை. சொந்தச் சம்பாத்தியத்துல, பிளானோங்கிற ஊர்ல ஃபாக்ஸ் ஆத்தங்கரையில நிலம் வாங்கினார். வார இறுதியில் தங்க ஒரு சின்ன வீடு வேணும், அவ்வளவுதான். 1945-ல ஒரு விருந்துல மீஸைச் சந்திச்சார். பேச்சு அங்கேயே ஆரம்பிச்சது.

1947-லேயே வீட்டோட மாடல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துல கண்காட்சிக்குப் போயிடுச்சு. கவனிங்க, அப்போ ஒரு தூண்கூட நடலை. வேலை ஆரம்பிச்சது 1949-ல. வடிவமைப்பு மட்டுமில்ல, கான்ட்ராக்டர் வேலையையும் மீஸ் ஆபீஸே பார்த்தது. கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் கிடையாது.

எட்டு இரும்புத் தூண், நாலு பக்கமும் கண்ணாடி. வெள்ளத்துக்குப் பயந்து தரையிலிருந்து அஞ்சடிக்கு மேல தூக்கிக் கட்டினாங்க. எஸ்டிமேட் சுமார் 58,000 டாலர். நடுவுல கொரியப் போர் வந்து பொருள் விலை ஏறிச்சு. 1951-ல முடியும்போது சுமார் 74,000.

குடி போன பிறகுதான் அடுத்த சிக்கல். வெயில் காலத்துல வீடு கொதிச்சது, குளிர்ல கண்ணாடியெல்லாம் நீர் கோத்துக்கிச்சு. ராத்திரி விளக்கு போட்டா பூச்சி மொய்ச்சது. ரோட்டுலேர்ந்து பார்த்தா சமையலறை மொத்தமும் தெரியுது, அதனால சிங்க் அடியில ஒரு குப்பைத் தொட்டிகூட வைக்க முடியலைன்னு எடித் ஒரு பத்திரிகைக்குச் சொன்னார்.

1951-ல மீஸ் பாக்கிப் பணம் கேட்டு கேஸ் போட்டார். எடித் பதில் வழக்கு போட்டார். செலவு ஏற ஏற அவருக்குத் தெரியும், பணமும் கொடுத்துட்டேதான் இருந்தார்ங்கிறது மீஸ் தரப்பு வாதம். 1953-ல முடிவு மீஸ் பக்கம் வந்தது. கடைசியில சமரசம்.

அதுக்கப்புறம் பரவின கதைதான் எனக்கு உறுத்துது. காதல் கைகூடாத கோபத்துல கேஸ் போட்ட பொம்பளைன்னு பேசினாங்க. பில்லைக் கேள்வி கேட்ட ஒரு டாக்டரை இப்படிச் சுலபமா ஒதுக்கிட்டாங்க. அந்த டாக்டர் 1954-ல உள்ளே வந்த வெள்ளத்தையும் பார்த்துட்டு, சுமார் 20 வருஷம் அதே வீட்டை வச்சிருந்தார். 1972-ல வித்தார்.

2003-ல அந்த வீடு 75 லட்சம் டாலருக்கு ஏலம் போச்சு. இப்போ மியூசியம். 2021-ல அதுக்கு எடித் ஃபார்ன்ஸ்வொர்த் வீடுன்னு அவரோட முழுப் பேரையும் வச்சாங்க.

நீங்க வீடு கட்டப் போறீங்கன்னா, ஆள் எவ்வளவு பெரியவரா இருந்தாலும் மூணு விஷயத்தை எழுதி வாங்குங்க: மொத்தத் தொகை, விலை ஏறினா யார் தலையில, பிளானை மாத்தணும்னா யார் சம்மதம். கேட்கச் சங்கடமாத்தான் இருக்கும். எங்க அப்பாவுக்கும் அப்படித்தான் இருந்தது. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.