பிராசஸின் பொதுவளம் யாருடையது? இயங்குநிலை நிரலகங்களில் உரிமைச் சிக்கல்

ஒரு பைத்தான் நிரல் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தோடு மறையாக்கம் செய்த இணைப்பைத் திறக்கிறது. வேறோர் இழையில் அதே நிரல் ஓர் இணையதளத்திலிருந்து எச்டிடிபிஎஸ் வழியே தரவை இறக்குகிறது. எழுதியவர் அழைத்தது இரண்டு நிரலகங்களை. அவற்றுக்கு அடியில் ஓபன்எஸ்எஸ்எல் என்ற மூன்றாவது நிரலகம் ஒரே பிரதியாக ஏறியிருப்பது அவருக்குத் தெரிந்திருக்கத் தேவையில்லை. தெரியாமலே வேலை நடப்பதற்காகத்தான் இயங்குநிலை இணைப்பு என்ற ஏற்பாடே இருக்கிறது. ஆனால் 2016க்கு முந்தைய ஓபன்எஸ்எஸ்எல் பதிப்புகளில் இப்படிப்பட்ட நிரல் எப்போதாவது அப்படியே உறைந்து நின்றுவிட வாய்ப்பிருந்தது. நிரலை எழுதியவர் எந்தத் தவறும் செய்திருக்கமாட்டார்.

இத்தகைய பிழைகளுக்குப் பூட்டுகளைக் கூட்டுவதே பலரும் சொல்லும் தீர்வு. நோய் அங்கே இல்லை என்பது என் வாதம். பிராசஸ் முழுவதற்கும் ஒன்றாக இருக்கும் ஒரு வளத்தைத் தொடங்கவும் முடிக்கவும் யாருக்கு உரிமை என்பது வகுக்கப்படாமல் கிடக்கிறது. அந்த உரிமை இடையில் நிற்கும் நிரலகத்திடம் போய்ச் சேர்ந்தால், அது எத்தனை கவனமாக எழுதப்பட்டிருந்தாலும் பாதுகாப்பு கிடையாது.

மேற்சொன்ன உறைவையே எடுத்துக்கொள்வோம். ஓபன்எஸ்எஸ்எல்லின் 1.0 வரிசைக்குச் சொந்தப் பூட்டுகள் இல்லை. பல இழைகள் பயன்படுத்தினால், பூட்டும் வேலையைச் செய்யும் செயற்கூறு ஒன்றின் சுட்டியை வெளியிலிருந்து யாராவது அதனிடம் தரவேண்டும். அந்தச் சுட்டிக்குப் பிராசஸ் முழுவதிலும் ஒரே இடம்தான். பைத்தானின் எஸ்எஸ்எல் கூறு ஏற்றப்படும்போது தன் செயற்கூற்றை அங்கே பதிக்கும். போஸ்ட்கிரெஸின் வாடிக்கை நிரலகமான லிப்பிக்யூ, முதல் மறையாக்க இணைப்பைத் திறக்கும்போது முந்தையதைத் துடைத்துவிட்டுத் தன்னுடையதைப் பதிக்கும். கடைசி இணைப்பு மூடப்படும்போது அந்த இடத்தை வெறுமையாக்கிவிடும். இப்போது வரிசையைக் கவனியுங்கள். எச்டிடிபிஎஸ் இழை, லிப்பிக்யூ தந்த செயற்கூற்றின் வழியே ஒரு பூட்டை எடுக்கிறது. அதே கணத்தில் தரவுத்தள இணைப்பு மூடப்பட்டு, சுட்டி வெறுமையாகிறது. எச்டிடிபிஎஸ் இழை பூட்டை விடுவிக்க வருகிறது. அழைக்கச் செயற்கூறு இல்லை, எனவே எதுவும் நடக்காமல் அது நகர்ந்துவிடுகிறது. பூட்டு பூட்டியபடியே கிடக்கிறது. லிப்பிக்யூ தன் பூட்டு வரிசையை அழிப்பதில்லை, அடுத்த இணைப்புக்கு அதையே மறுபடி எடுத்துக்கொள்கிறது. அடுத்த இணைப்பு திறந்ததும் அந்தப் பூட்டைக் கேட்டு வரும் முதல் இழை என்றென்றைக்கும் காத்து நிற்கும்.

பின்னாளில் லிப்பிக்யூவைத் திருத்தினார்கள்: ஏற்கெனவே யாராவது பதித்திருந்தால் அதைத் தொடாதே, நீ பதித்ததை மட்டும் நீக்கு. நாகரிகமான விதிதான். ஆனாலும் போதாது. பின்னால் வரும் மூன்றாவது நிரலகமும் இதே விதியைப் பின்பற்றினால், லிப்பிக்யூ பதித்ததைக் கண்டு தன்னுடையதைப் பதிக்காமல் இருந்துவிடும். லிப்பிக்யூ தன்னுடையதை நியாயமாகவே நீக்கும்போது அந்த நிரலகம் பூட்டின்றித் தனியே நிற்கும். இருவருமே விதியை மீறவில்லை. தான் போனபின் யார் மிச்சமிருக்கிறார்கள் என்பது இடையில் நிற்பவருக்குத் தெரிய வழியில்லை என்பதே இங்கே அடிப்படைத் தடை.

அப்படியானால் உரிமையை முதன்மை நிரலிடம் கொடுக்கலாமே? 2005இல் வந்த போஸ்ட்கிரெஸ் 8.0 அந்த வழியைத்தான் திறந்தது: ஓபன்எஸ்எஸ்எல்லை நானே தொடங்கிவிட்டேன், நீ தொடாதே என்று லிப்பிக்யூவிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம். தன் நிரலில் என்னென்ன ஏறுகின்றன என்று அறிந்த சி நிரலாளருக்கு இது உதவும். நாம் தொடங்கிய பைத்தான் நிரலாளருக்கு ஓபன்எஸ்எஸ்எல்லின் பெயரே கண்ணில் பட்டிருக்காது. அவரிடம் பொறுப்பை ஒப்படைப்பது, பொறுப்பை யாரிடமும் ஒப்படைக்காததற்குச் சமம். உண்மையான தீர்வு 2016 ஆகஸ்டில் ஓபன்எஸ்எஸ்எல் 1.1.0 வடிவில் வந்தது. சுட்டியே போய்விட்டது, இயங்குதளம் தரும் பூட்டுகளை நிரலகம் நேரடியாகப் பயன்படுத்தத் தொடங்கியது. உரிமை இடையிலும் இல்லை, மேலேயும் இல்லை. எல்லோருக்கும் அடியில் இருக்கும் அடுக்குக்கு இறங்கிவிட்டது.

நினைவகத்தில் இதே சிக்கலுக்கு இதைவிட எளிய விடை இருக்கிறது. விண்டோஸில் ஒவ்வொரு டிஎல்எல்லும் சி இயக்கநேர நிரலகத்தின் தனிப் பிரதியை உள்ளடக்கி இருக்கலாம். ஒரு டிஎல்எல் மாலாக் கொண்டு ஒதுக்கிய நினைவகத்தை இன்னொன்று தன் ஃப்ரீ கொண்டு விடுவித்தால், அது தன் கணக்கிலேயே இல்லாத ஒரு துண்டைத் தன் கணக்கில் சேர்க்கப் பார்க்கும். ஒதுக்கியவரே விடுவிக்கவேண்டும் என்ற விதி போதுமானது. லிப்பிக்யூவும் தான் தந்த நினைவகத்தை விடுவிக்கப் பிக்யூஃப்ரீமெம் என்ற தனிச் செயற்கூறு வைத்திருக்கிறது. விண்டோஸில் அதையே அழைக்கவேண்டும் என்று அதன் ஆவணம் வலியுறுத்துகிறது.

ஒவ்வொரு நிரலகத்துக்கும் எல்லாவற்றிலும் தனிப் பிரதி கொடுத்துவிட்டால் பகிர்வே இராதே என்று சிலர் வாதிடுவார்கள். லினக்ஸின் ஜிலிப்சி இதற்கெனத் தனிப் பெயர்வெளிகளில் நிரலகங்களை ஏற்ற வழி தருகிறது, மொத்தம் 16 வரை. ஆனால் பிரதி எடுக்க முடிவது நிரலகத்தின் சொந்தத் தரவைத்தான். கோப்பு விவரிப்பிகள், சமிக்ஞை கையாளிகள், நடப்பு அடைவு ஆகியவற்றைப் பிராசஸுக்கு ஒன்றாகக் கருவகம் வைத்திருக்கிறது. சில வேளைகளில் பிரதியே பிழையாகிறது: இன்டெலின் ஓபன்எம்பி இயக்கநேர நிரலகம் தன் இன்னொரு பிரதி ஏற்கெனவே ஏறியிருப்பதைக் கண்டால் பிழைச்செய்தி தந்து நிரலையே நிறுத்திவிடும். இரண்டு பிரதிகளும் கணினியின் எல்லாக் கருக்களும் தனக்கே என்று எண்ணி இழைகளைக் கிளப்பினால் வேகம் குலையும், முடிவுகளும் பிசகலாம்.

பிரதி எடுக்கவே முடியாத வளத்துக்கு மிகக் கூர்மையான சான்று மிதவைப்புள்ளிக் கட்டுப்பாட்டுப் பதிவகம். எக்ஸ்86 செயலிகளில் எம்எக்ஸ்சிஎஸ்ஆர் எனப்படும் அது இழைக்கு ஒன்று. ஜிசிசி தொகுப்பியில் வேகக் கணிதத் தெரிவை இட்டுப் பகிர்நிரலகம் ஒன்றைக் கட்டினால், அதனுள் ஒரு தொடக்கநிரல் ஒட்டிக்கொள்ளும். நிரலகம் ஏறிய கணமே அது பதிவகத்தின் இரண்டு பிட்களை மாற்றிவிடும். அதன்பின் ஏறத்தாழ 2.2×10⁻³⁰⁸க்கும் சிறிய இரட்டைத் துல்லிய எண்கள் எல்லாம் சுழியமாகிவிடும், அந்த நிரலகத்தின் ஒரு செயற்கூற்றைக்கூட யாரும் அழைக்காதபோதும். அந்த இழையிலிருந்து பிறக்கும் புதிய இழைகளும் அதே நிலையைப் பெற்றுக்கொள்ளும். 2022இல் பைத்தானின் ஜிஇவென்ட் நிரலகம் இப்படிக் கட்டப்பட்டிருந்தது வெளிச்சத்துக்கு வந்தது. அறிகுறி தெரிந்ததோ நம்பை என்ற எண்கணித நிரலகம் தரும் எச்சரிக்கையில். வலைத்தொடர்புக்கான ஒரு நிரலகம் எண்கணிதத்தின் பொருளையே மாற்றிவிட்டிருந்தது! இதற்கு எந்தப் பூட்டும் உதவாது. இங்கே இரண்டு இழைகள் மோதிக்கொள்ளவே இல்லை. 2023இல் வந்த ஜிசிசி 13, பகிர்நிரலகங்களில் அந்தத் தொடக்கநிரலைச் சேர்ப்பதை நிறுத்தியது. நிரலகத்துக்கு இல்லாத உரிமையைத் தொகுப்பியே பறித்துக்கொண்டது சரியான முடிவு.

அடியில் இறக்க முடியாத வளம் என்றால், அதை அழைப்பவர் கையில் வெளிப்படையாகத் தரவேண்டும். 2021 செப்டம்பரில் வந்த ஓபன்எஸ்எஸ்எல் 3.0, நிரலகச் சூழல் என்ற கைப்பிடியைக் கொண்டுவந்தது. ஒரு நிரலகம் தனக்கென ஒரு சூழலை உருவாக்கி, தன் அமைப்புகளை அதற்குள் வைத்துக்கொண்டு, தான் விரும்பும்போது அழிக்கலாம். பக்கத்து நிரலகத்துக்கு அது தெரியவே தெரியாது. ஒவ்வொரு அழைப்பிலும் ஒரு சுட்டியைக் கூடுதலாகச் சுமக்கவேண்டியிருப்பது உண்மை. மேலே கண்ட உறைவோடு ஒப்பிட்டால் அது மலிவான விலை.

இரண்டு வழியும் அடைபட்ட இடம் ஒன்று உண்டு: சூழல் மாறிகள். அவற்றைப் படிக்கும் பாசிக்ஸ் தரநிலையின் கெட்என்வ் தரும் சுட்டி உள்நினைவகத்தையே காட்டுகிறது. இன்னோர் இழை மதிப்பை மாற்றும் செட்என்வ் அழைத்தால் அந்தச் சுட்டி செல்லாததாகிவிடலாம். படிப்பவர் படித்து முடித்ததை அறிவிக்க இடைமுகத்தில் இடமில்லை என்பதால், உள்ளே எத்தனை பூட்டுப் போட்டாலும் முழுப் பாதுகாப்புக் கிட்டாது. ரஸ்ட் மொழி தன் 2024 பதிப்பில், சூழல் மாறியை மாற்றும் செயற்கூற்றைப் பாதுகாப்பற்றது என்று அறிவித்து, அழைப்பவர் அதை ஏற்று எழுதினாலொழியத் தொகுக்க மறுக்கிறது. சி நிரலகங்களுக்கு அப்படித் தடுக்க யாரும் இல்லை. ஆகவே பிறர் பயன்படுத்துவதற்கென எழுதப்படும் சி நிரலகம் எதுவும் செட்என்வ் அழைக்கக்கூடாது, முதன்மை நிரலும் இழைகளைத் தொடங்குமுன் மட்டுமே அதை அழைக்கவேண்டும்.